மகரகமைக்குப் போகும் வழி

கொழும்பிலிருந்து ஹைலெவல் வீதி வழியே பத்து மைலுக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறது மகரகமை. நம்மைப் போல ஆசிரியத் தொழில் புரிவோர்க்கு அது தேசிய கல்வி நிறுவகம் இருக்கும் ஊர். பாடத்திட்டங்களும் ஆசிரியர் கைந்நூல்களும் அங்கிருந்தே வருகின்றன. கருத்தரங்கு என்று அழைப்பு வந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ் ஏறிப் போய், மறுநாள் இரவே திரும்பி வருவோம். புடைவைக் கடை வைத்திருப்போர்க்கு அது மலிவாகத் துணி கிடைக்கும் பமுனுவைச் சந்தையின் ஊர். வேறு சிலர்க்கோ அந்தப் பெயரை உரக்கச் சொல்லவே மனம் வருவதில்லை. "அவரை மகரகமைக்குக் கொண்டு போனவையாம்" என்று வேலியோரத்தில் ஒருவர் மெல்லக் கூறினால், கேட்டவர் என்ன நோய் என்று திருப்பிக் கேட்பதில்லை. ஊரின் பெயரே நோயின் பெயராகிவிட்டது.

அங்குள்ள தேசிய புற்றுநோய் வைத்தியசாலைக்கு இன்று வழங்கும் பெயர் அபேக்ஷா. சிங்களத்தில் அதற்கு எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்று பொருள். வடமொழி வழியாக வந்த அதே சொல்லை நாமும் அபேட்சை என்று வழங்கி வந்தோம். நம் நாட்டுப் பழைய பத்திரிகைகளைப் புரட்டினால், தேர்தலில் நிற்பவர்களெல்லாம் 'அபேட்சகர்' என்றே குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தேர்தல் அபேட்சகர் கட்டுப்பணம் செலுத்தவேண்டும். போதிய வாக்குப் பெறாவிட்டால் அது திரும்பி வராது. மகரகமைக்கு அபேட்சையோடு வருகின்றவர்களும் ஒரு கட்டுப்பணத்தைச் செலுத்தியே வருகிறார்கள். அது எவ்வளவு என்பதை 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் ஓரளவு அறிந்துகொண்டோம்.

நாம் கற்பிக்கும் கல்லூரியில் உயர்தர வகுப்பில் கணிதம் பயிலும் மாணவன் ஒருவன் ஐந்து வாரங்களாக வகுப்புக்கு வரவில்லை. பரந்தனைச் சேர்ந்தவன், கொக்குவிலில் அம்மம்மா வீட்டில் தங்கிப் படித்தவன். படிப்பில் முதல் வரிசை என்று சொல்ல முடியாவிட்டாலும், செய்யத் தொடங்கிய கணக்கை விடாமல் முடிக்கும் குணம் உடையவன். விசாரித்தபோது, வீட்டைப் பார்க்க ஆளில்லாமையால் ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். அவனுடைய எட்டு வயதுத் தங்கைக்குக் குருதிப் புற்றுநோய் என்பதும், அந்த ஆண்டு தைமாதம் முதல் தாய் அவளுடன் மகரகமையிலேயே இருக்கிறாள் என்பதும் அப்பொழுதுதான் தெரியவந்தன. தந்தையோடு தொலைபேசியிற் பேசினோம். விடுமுறையில் கொழும்புக்குப் போகும் அலுவல் நமக்கும் இருந்தது. இருவரும் ஒரே பஸ்ஸிற் போவதென முடிவாயிற்று.

இ.போ.ச. பஸ் ஆனையிறவைத் தாண்டிப் பரந்தன் சந்தியில் நின்றபோது அவர் ஏறினார். கையில் இரண்டு பைகள். ஒன்றில் உடுப்பு; மற்றதில் வறுத்த அரிசிமா, பனங்கட்டி, வீட்டில் இடித்த மிளகாய்த்தூள், போத்தலில் நல்லெண்ணெய். ஏழு மாதங்களில் இது பத்தொன்பதாவது பிரயாணம் என்றார். சொகுசு பஸ்களில் ஏறுவதில்லையாம். காரணத்தை நாம் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

பகலில் ஏ9 வீதியிற் போகும்போது இருபுறமும் பார்க்க எவ்வளவோ உண்டு. இரவில் அது வெறும் இருட்டு. மாங்குளமும் வவுனியாவும் மதவாச்சியும் விளக்கு வரிசைகளாக வந்து போயின. நள்ளிரவுக்குப் பின் ஒரு தேநீர்க் கடையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கினர், அவர் இறங்கவில்லை. "வாருங்கோ அண்ணை, தேத்தண்ணி குடிப்பம்" என்று நாம் அழைத்தோம். "வேண்டாம் மாஸ்டர். குடிச்சா அதையும் எழுதவேணும்" என்றார். அந்தச் சொல்லின் கருத்து பின்னரே விளங்கிற்று. புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று கடந்து விடியற்காலையிற் புறக்கோட்டையை அடைந்தோம். அங்கிருந்து 138ஆம் இலக்க பஸ். நுகேகொடை வரையும் அலுவலகத்துக்குப் போவோர் கூட்டம். அதற்கப்பால், மடியில் எக்ஸ்ரே உறையையும் கிளினிக் கொப்பியையும் வைத்திருந்தவர்களை எண்ணிப் பார்த்தோம். பதினொருவர்.

வைத்தியசாலை வாயிலுக்கு எதிரே ஒரு சிறு பட்டணமே இயங்குகின்றது. மருந்துக் கடைகள், இரத்தப் பரிசோதனை நிலையங்கள், சோற்றுப் பார்சல் விற்கும் கடைகள், தோடம்பழமும் இளநீரும் விற்கும் வண்டில்கள், பாயும் தலையணையும் பிளாஸ்டிக் வாளியும் தொங்கும் கடைகள். பாய் விற்கும் கடை எதற்கென்று முதலில் நமக்குப் புரியவில்லை. தூர இடங்களிலிருந்து வருகின்றவர்கள் நோயாளியை உள்ளே சேர்த்துவிட்டு வெளியே வந்ததும் முதலில் வாங்குவது அதுவே என்று அவர் விளக்கினார். சுற்றியுள்ள ஒழுங்கைகளில் வீடுகள் பல தங்குமிடங்களாக மாறியுள்ளன. ஓர் அறையில் நான்கு கட்டில்கள். கட்டிலுக்கு இவ்வளவு என்று வாடகை. தருமசிந்தையுடையோர் இலவசமாக நடத்தும் இல்லங்களும் உள. ஆயினும் வருவோர் தொகைக்கு அவை எவ்வாறு போதும்?

அவர் வழக்கமாகத் தங்கும் வீட்டின் சொந்தக்காரி சிங்கள மூதாட்டி ஒருத்தி. அவளுக்குத் தமிழ் தெரியாது. அவருக்குச் சிங்களம் நாற்பது சொற்களுக்கு மேல் தெரியாது. அந்த நாற்பதுள் பாதி மருந்தும் நோயும் பற்றியவை. இருந்தும் அவள் அவரைக் கண்டவுடன், "துவ கொஹொமத?" என்று கேட்டாள், மகள் எப்படியென்று. வாடகையை அவள் குறைத்ததில்லை. ஆனால் வெந்நீருக்கும் உடுப்புத் துவைக்கும் தண்ணீருக்கும் தனியே காசு வாங்கியதுமில்லை. பக்கத்து வீடுகளில் இரண்டுக்கும் வாங்குகிறார்களாம்.

நாம் போனபோது தாயும் மகளும் வார்ட்டில் இருந்து வெளியே வந்து, மர நிழலில் ஒரு வாங்கில் இருந்தனர். சிறுமியின் தலையில் மயிர் இல்லை. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அண்ணனுடைய மாஸ்டர் என்றறிந்ததும், "அண்ணா ஏன் பள்ளிக்கூடம் போகேல்லை? நான்தானே போகேலாது" என்று கேட்டாள். தாய் வேறு பக்கம் பார்த்தாள்.

இந்நோயைப் பற்றி இங்குச் சிறிது கூறவேண்டும். சிறுவர்க்கு வரும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது குருதிப் புற்றுநோய். அதன் மிகப் பொதுவான வகை, முறையாகச் சிகிச்சை பெற்றால் குணமாகும் நோய். செல்வ நாடுகளில் பத்துப் பிள்ளைகளுள் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். ஆனால், சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டு வரை நீள்வது. முதல் ஒரு மாதம் நோயை அடக்குவதற்குக் கடுமையான மருந்து. அதன்பின் பல மாதம் தொடர்ச்சியான ஊசிகள். இறுதியில் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளுக்கு நாள்தோறும் மாத்திரைகள். முதல் மாதம் முடிந்ததும் பிள்ளை பெரும்பாலும் தேறிவிடும். சோறு உண்ணும், ஓடி விளையாடும். அங்கேதான் அபாயம் இருக்கிறது. நோய் போய்விட்டதென்று தோன்றும் அந்த வேளையில்தான் குடும்பத்தின் கையிருப்பும் தீர்ந்துபோயிருக்கும். ஒரு தவணை தள்ளிப்போகும், பின் இன்னொன்று. நான்கு வாரம் தொடர்ந்து சிகிச்சைக்கு வராவிட்டால் 'கைவிட்டதாக' வைத்தியர் குறித்துக்கொள்கிறார்கள். வறிய நாடுகளில் பிழைக்கும் பிள்ளைகளின் விகிதம் குறைந்திருப்பதற்கு இக்கைவிடலும் ஒரு பெருங்காரணம். உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டு சிறுவர் புற்றுநோய்க்கென ஒரு பெருந்திட்டம் தொடங்கி, 2030ஆம் ஆண்டளவில் உலகெங்கும் நூற்றுக்கு அறுபது பிள்ளைகளேனும் பிழைக்கவேண்டும் என்று இலக்கு வைத்தது. அவ்விலக்கைத் தடுத்து நிற்பவற்றுள் பஸ் கட்டணமும் ஒன்று என்றால் வாசகர் வியக்கக்கூடும். நாமும் வியந்தோம்.

நம் நாட்டில் வைத்தியம் இலவசம். 1951ஆம் ஆண்டில் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. உலகில் நம்மைப் போன்ற வருவாயுடைய நாடுகளுள் இப்படி ஒன்றைச் செய்து, எழுபது ஆண்டுக்கு மேலாகக் காத்துவருவன சிலவே. இச்சிறுமிக்கு ஏறிய மருந்துகளை விலை கொடுத்து வாங்குவதாயின், பரந்தனில் உள்ள வயலெல்லாம் விற்றாலும் கட்டாது. அவளுடைய தந்தை அதை மறக்கிறவரல்லர். "மருந்துக்கு ஒரு சதமும் கேக்கேல்லை மாஸ்டர். டொக்டர்மாரும் மிஸ்மாரும் தெய்வங்கள்தான். ஆனா கேற்றுக்கு வெளியில வந்தா மூச்சு விடுறதுக்கும் காசு" என்றார். இலவசம் என்ற சொல் வாயிலோடு நின்றுவிடுகிறது. வாயிலுக்கும் வீட்டுக்கும் இடையே இரு நூறு மைல் கிடக்கிறது.

அன்று மாலை அந்தத் தங்குமிடத்தில் அவர் தம் கணக்குக் கொப்பியைக் காட்டினார். அது மகளுடைய மூன்றாம் வகுப்புக் கணிதக் கொப்பி. முற்பாதியிற் பெருக்கல் வாய்பாடு, சிவப்பு மையில் ஆசிரியையின் சரி அடையாளங்கள். பிற்பாதியில் தந்தையின் எழுத்து. கமக்காரர் ஆகையால் அவருக்கு ரூபாவைவிட நெல்மூடை எளிதாக விளங்குகிறது. 2025ஆம் ஆண்டு அரசாங்கம் நாட்டரிசி நெல்லுக்கு அறிவித்த விலை கிலோவுக்கு 120 ரூபா. 65 கிலோ கொண்ட மூடை 7,800 ரூபா. பரந்தனிலிருந்து மகரகமைக்கு வந்து, இரண்டு இரவு தங்கி, உண்டு, திரும்பிப் போக ஏறக்குறைய அந்தத் தொகை ஆகிறது. ஆகவே ஒவ்வொரு பிரயாணத்துக்கும் 'ஒரு மூடை' என்று எழுதியிருந்தார். பத்தொன்பது பிரயாணம், பத்தொன்பது மூடை. ஏக்கருக்கு இருபத்தைந்து மூடை கிடைத்தால் நல்ல விளைச்சல் என்பது அவர் கணக்கு. அதிலும் உழவுக்கும் உரத்துக்கும் வெட்டுக்கும் போக எஞ்சுவது பாதியும் வராது.

பிரயாணச் செலவு ஒரு பகுதிதான். வார்ட்டில் பிள்ளைக்கு உணவு உண்டு. ஆனால் மருந்தின் கடுமையால் வாய் புண்ணாகியிருக்கும் நாள்களில் அவள் அதை உண்ணமாட்டாள். கஞ்சியும் இளநீரும் மாப்பாலும் வேண்டும். வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும் காலத்தில் நெரிசலான பஸ்ஸில் ஏற்றக்கூடாது. சிறு காய்ச்சலும் உயிருக்கு ஆபத்தாகும். விடுமுறையில் வீட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தபோது ஒருமுறை நடு இரவிற் காய்ச்சல் கண்டு, வாடகை வானில் ஓடினார்கள். அந்த ஒரு வரிக்கு நேரே 'ஐந்து மூடை' என்று இருந்தது. வெளியே செய்வித்த இரண்டு பரிசோதனைகள், தொலைபேசி மீள்நிரப்பல், சவர்க்காரம், முகக்கவசம் என்று வரிகள் தொடர்ந்தன. தேநீர் என்று நான்கு இடங்களில் இருந்தது. அவற்றுள் மூன்றைப் பின்னர் வெட்டி, 'இனி இல்லை' என்று எழுதியிருந்தார்.

வரவுப் பக்கம் குறுகியது. தாய் வளர்த்த இரு பசுக்கள் விற்பனை. அவள் மகரகமைக்குப் போனபின் பால் கறந்து சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுக்க ஆளில்லை. பசு நின்றும் பயனில்லை. இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோகத்துக்குக் கிடைத்த பங்கு குத்தகைக்கு விடப்பட்டது. விதைக்க வேண்டிய கிழமைகளில் அவர் வார்ட் வாயிலில் நின்றார். தாலிக்கொடி வங்கியில் அடைவு. பொன் விலை ஏறியிருப்பதால் கையிற் கிடைத்த தொகை பெரிதுதான். வட்டியும் அதற்கேற்பப் பெரிதாகும் என்பதை அடைவு வைக்கும் வேளையில் யார்தாம் நினைக்கிறார்கள்? கனடாவில் உள்ள மைத்துனர் இரண்டு முறை பணம் அனுப்பினார். மூன்றாம் முறை தொலைபேசியை எடுக்கவில்லை. தந்தை அதற்காக அவரைக் குறை கூறவில்லை. "அவரும் ரெண்டு வேலை செய்யிறவர். எங்களைப் போல எத்தினை பேர் அடிக்கிறாங்களோ" என்றார்.

இவையெல்லாவற்றிலும் நம்மை நிறுத்திவைத்தது கடைசிப் பக்கம். அதற்கு 'மிச்சம்' என்று தலைப்பிட்டிருந்தார். செலவைக் குறைத்து மிச்சம் பிடித்தவற்றின் பட்டியல் அது. கூரை ஓடு மாற்றாமை. கோயில் உபயத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளியமை. சின்ன மகனுக்குப் புதுச் சப்பாத்து வாங்காமை. தமக்குக் கண்ணாடி மாற்றாமை. அதன் கீழே, 'பெரியவன் ரியூசன், பஸ், கொப்பி – நிற்பாட்டியாச்சு. மாதம் ஒரு மூடை மிச்சம்.' நமது மாணவன் வகுப்புக்கு வராத காரணம் அந்த ஒரு வரியில் இருந்தது. பொருளியல் படித்தவர்கள் நோயின் செலவைக் கணக்கிடும்போது செலவான பணத்தைக் கூட்டுகிறார்கள். இழந்த கூலியையும் சிலர் சேர்க்கிறார்கள். ஒரு பையனின் உயர்தரப் பரீட்சையை மிச்சம் என்று எழுதி வைக்கும் கணக்கை எந்த அட்டவணையிற் சேர்ப்பார்களோ, நாமறியோம்.

மேல்நாட்டு வைத்தியர் சிலர் இந்நிலைக்குப் பண நஞ்சு என்ற பொருளில் ஒரு பெயர் இட்டுள்ளனர். மருந்து உடலில் உண்டாக்கும் வாந்தி, மயிர் உதிர்தல் போன்ற பக்கவிளைவுகளோடு சேர்த்து இதையும் ஒரு பக்கவிளைவாகக் கொள்ளவேண்டும் என்பது அவர்கள் கருத்து. பொருத்தமான பெயரே. 2015ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, தென்கிழக்காசிய நாடுகள் எட்டில் 9,513 புற்றுநோயாளரை ஓராண்டு தொடர்ந்து நோக்கிற்று. ஆண்டு முடிவதற்குள் நூற்றுக்கு 29 பேர் இறந்தனர். மேலும் 48 பேரின் குடும்பங்கள் ஆண்டு வருவாயில் பத்தில் மூன்று பங்குக்கு மேல் சிகிச்சைக்காகக் கொடுத்து நொடித்துப்போயின. இலங்கை அந்த எட்டில் இல்லை. நம் இலவச வைத்தியம் அத்தகைய வீழ்ச்சியிலிருந்து பலரைக் காக்கிறது என்பதில் ஐயமில்லை. காவாதவற்றையே பரந்தன் கொப்பியிற் கண்டோம்.

மறுநாட் காலை சோற்றுக் கடையில் மொனராகலையைச் சேர்ந்த ஒருவரைச் சந்தித்தோம். கரும்புத் தோட்டத்துக் கூலியாளர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். கன்னத்திலும் கழுத்திலும் கதிர்ச் சிகிச்சைக்காக மையினால் இட்ட கோடுகள். நம் நாட்டு ஆண்களை அதிகமாகப் பற்றும் புற்றுநோய் வாயில் வருவதே; வெற்றிலையோடு மெல்லும் பாக்கும் புகையிலையும் அதன் முதற்காரணங்கள். கதிர்ச் சிகிச்சை வாரத்தில் ஐந்து நாள், ஆறு ஏழு வாரங்களுக்கு. ஒவ்வொரு நாளும் பொறியின்கீழ் இருப்பது சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களுக்காக ஒரு மனிதன் ஒன்றரை மாதம் உழைப்பை விட்டு அந்நிய ஊரில் இருக்கவேண்டும். சனி, ஞாயிறுகளில் ஊருக்குப் போவதில்லையா என்று நமக்குத் தெரிந்த சிங்களத்தில் வினவினோம். போனால் வீட்டில் அரிசி இருக்கிறதா இல்லையா என்று பார்க்க நேரும். பார்த்தால் திரும்பி வர மனம் வராது என்றார். மூன்றாம் வாரத்தில் ஒருமுறை அப்படிப் போய், ஐந்து நாள் கரும்பு வெட்டிக் கூலி வாங்கி வீட்டிற் கொடுத்துவிட்டு வந்தாராம். வைத்தியர் கடிந்துகொண்டார். இத்தகைய நோயில் இடையில் விடும் நாள்கள் சிகிச்சையின் பலனைக் குறைக்கும் என்பது உண்மை. அவர் அதையறிந்தே போயிருக்கிறார். பரந்தன்காரரும் அவரும் ஒருவர் மொழியை ஒருவர் அறியாமலே தலையசைத்துக்கொண்டனர்.

உதவி கிடைக்கும் வழிகள் இல்லாமல் இல்லை. 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த ஜனாதிபதி நிதியம் வறிய நோயாளரின் வைத்தியச் செலவுக்குப் பணம் வழங்குகிறது. முன்னர் அதற்குக் கொழும்புக்கே அலையவேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்கலாம். இது பெரிய நன்மை. சமூக சேவைகள் திணைக்களத்திலும் நோயாளர்க்குச் சிறு உதவிப்பணம் உண்டு. ஆனால் இவற்றைப் பெறுவதற்கு நோயை வெளியிற் சொல்லவேண்டும். நம்மவரிடம் அங்கேதான் தடை. பெண்பிள்ளை; நாளை கலியாணம் பேசவேண்டும்; ஊரார் அறிந்தால் என்ன சொல்வார்கள்? இந்தக் குடும்பம் ஏழு மாதம் எவரிடமும் சொல்லவில்லை. அயலவர்க்கு, தாய் கொழும்பில் உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லப்பட்டிருந்தது. சொல்லாதிருந்ததன் விலை என்ன? கடனுக்கு வட்டி, குறைந்த விலைக்குப் போன பசுக்கள், கேட்டிருந்தால் கிராம சேவையாளர் காட்டியிருக்கக்கூடிய வழி. மறைப்பும் ஒரு செலவுதான். தொற்றாத நோயை, அதுவும் குணமாகக்கூடிய நோயை, ஒரு குற்றம்போல் ஒளித்து வைக்கும்படி செய்துள்ள நம் சமூகத்தின்மேல் நமக்குக் கோபம் உண்டு.

தூரத்தைக் குறைத்தால் செலவும் குறையும் என்பதற்கு நம் குடாநாட்டிலேயே சான்று இருக்கிறது. 2011ஆம் ஆண்டு ஜூலை மாதம், தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் தூரத்தை இருபத்தேழு நாளிற் பலர் நடந்தனர். தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்க நிதி திரட்டும் நடை அது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் கலந்துகொண்டனர். யுத்தம் முடிந்து இரண்டு ஆண்டே ஆகியிருந்தது. தெல்லிப்பழையும் அதன் அயலும் பட்ட பாட்டை அறிந்தவர்க்கு, அங்கே அத்தகைய கட்டடம் எழுந்தது சாதாரண காட்சியன்று. 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபின் கொழும்புக்குப் போவதற்கு வடபகுதி நோயாளர் கப்பலுக்கும் அனுமதிப் பத்திரத்துக்கும் காத்திருந்த காலத்தை நாம் மறந்துவிடவில்லை. இன்று சாவகச்சேரியில் உள்ள ஒரு மூதாட்டி காலையிற் புறப்பட்டுத் தெல்லிப்பழையிற் கதிர்ச் சிகிச்சை பெற்று மாலையில் வீடு திரும்பிச் சோறு சமைக்கிறாள். மகரகமையில் ஆறு வாரக் கட்டில் வாடகை அவளுக்கு இல்லை. மகனுடைய வேலையும் போகவில்லை.

மகரகமைக்கும் மக்கள் கொடுத்திருக்கிறார்கள். உடலில் நோய் எங்கெங்கே பரவியுள்ளது என்று காட்டும் 'பெட் ஸ்கேன்' பொறி அங்கே இல்லாதிருந்த காலத்தில், தம் மகனைப் புற்றுநோய்க்கு இழந்த தந்தை ஒருவர் தொடங்கிய காதிஜா அறக்கட்டளை 2016ஆம் ஆண்டு இருபது கோடி ரூபா திரட்ட முன்வந்தது. எல்லா இனத்தவரும் கொடுத்தனர், தொகை நிறைந்தது. பெரும் பொறிகளுக்கு இவ்வாறு கைகொடுக்கும் நம் மக்கள், பஸ் கட்டணம், பால்மா, ஒரு பையனின் ரியூசன் என்பவற்றுக்குக் கொடுக்க நினைப்பதில்லை. அவற்றுக்குத் திறப்பு விழா இல்லை அல்லவா?

நாம் புறப்படும் நாளிற் சிறுமியின் வைத்தியர் தந்தையை அழைத்துப் பேசினார். தமிழ் பேசும் தாதி ஒருவர் மொழிபெயர்த்தார். கடுமையான ஊசிகள் இன்னும் இரண்டு மாதத்தில் முடியும். அதன்பின் மாத்திரைக் காலம். அப்பொழுது தாயும் மகளும் வீட்டுக்குப் போகலாம். குருதிப் பரிசோதனைகளை வடக்கிலேயே செய்து, முடிவைத் தொலைபேசியில் அறிவித்து மருந்தின் அளவைத் திருத்திக்கொள்ளலாம். மகரகமைக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தாற் போதும். ஆனால் ஒரு தவணையும் தவறக்கூடாது. தந்தை இதை மும்முறை திருப்பிக் கேட்டார். வெளியே வந்ததும் வாயிற்படியில் இருந்து கொப்பியை எடுத்தார். ஒன்றரை ஆண்டுக்கு ஒன்பது மூடை என்று எழுதினார். சிறிது யோசித்து, காய்ச்சல் வந்தால் என்று வானுக்கு இன்னும் ஐந்தைச் சேர்த்தார். பதினான்கு.

அவ்வேளையில் மகனுடைய பேச்சை எடுத்தோம். கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தில் இத்தகைய தேவைக்குச் சிறு நிதி உண்டு. முதலில் மறுத்தார். எவருக்கும் பெயர் தெரியக்கூடாது என்ற நிபந்தனையோடு பின்னர் இசைந்தார். ஆதலால் சங்கத்தின் புத்தகத்தில் ஓர் இலக்கம் மட்டும் இருக்கிறது. இக்கட்டுரையிலும் எவர் பெயரும் இல்லை. சின்ன மகனைப் பார்த்துக்கொள்ளக் கொக்குவில் அம்மம்மா பரந்தனுக்கு வருவதென்றும், பெரியவன் பரந்தனிலிருந்தே நாள்தோறும் பஸ்ஸில் வருவதென்றும் முடிவாயிற்று. பருவச்சீட்டுக்கு அதிபர் கையெழுத்திட்டார்.

மூன்றாந் தவணையின் நான்காம் நாள் அவன் வகுப்புக்கு வந்தான். ஐந்து வாரப் பாடத்தில் வகையீடு முழுவதும் தவறியிருந்தது. பக்கத்து வாங்கு மாணவனின் கொப்பியை வாங்கிக் கொடுத்தோம். இடைவேளையில் எல்லோரும் வெளியே போக, அவன் இருந்த இடத்திலேயே இருந்து முதற் கணக்கைச் செய்துகொண்டிருந்தான்.